கொல்லைப்புறக் குடிமதிப்பு

"ஐயா, இதிலே எது செடி, எது களை?"

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, கையில் களைக்கொத்துடன் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்து இவ்வாறு கேட்டார்.

உலகத்தில் கடினமான கேள்விகள் எத்தனையோ உண்டு. ஆத்மாவுக்கு அழிவு உண்டா, இல்லையா? விலைவாசி எப்பொழுது இறங்கும்? இம்மாதிரி விஷயங்களைப் பற்றி அரைமணி நேரம் ஓயாமல் பேசும் ஆற்றல் எனக்கு உண்டு. ஆனால் இந்த எளிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழையில் இடுப்பளவு வளர்ந்து நின்ற அந்தப் பச்சைக் கூட்டத்தில் எனக்கு முகமறிந்தவர்கள் இரண்டே பேர்தாம்: ஒன்று மல்லிகைக் கொடி, மற்றொன்று கறிவேப்பிலைக் கன்று.

"மல்லிகையையும் கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள். அதோ, வேலியோரத்தில் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூத்திருக்கிறதே, அதுவும் அழகாயிருக்கிறது, இருக்கட்டும். மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள்" என்று எஜமானத் தோரணையில் உத்தரவு போட்டேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடங்கினார். மாலைக்குள் கொல்லை வழுக்கைத் தலை போல் ஆகிவிட்டது. சுத்தம் என்றால் இதுவல்லவா சுத்தம் என்று மார்தட்டிக் கொண்டேன்.

போகிப் பண்டிகையன்று அந்தச் சுத்தத்தின் பலன் தெரிந்தது. எங்கள் கொங்கு நாட்டில் அன்றைக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்து வீட்டு இறவாரத்தில் செருகிக் காப்புக் கட்டுவது வழக்கம். சிறுபீளையை இங்கே பூளைப்பூ என்பார்கள். அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் வந்தாள்.

"ஏங் கண்ணு, உங்க பொடக்காளியிலே பூளைப்பூ கொள்ளையாக் கெடக்குமே! காப்புக் கட்ட நாலு கொத்துப் பறிச்சுக்கட்டுமா?"

"தாராளமாக" என்று அழைத்துக்கொண்டு போனேன். வெட்டவெளியாக விட்ட இடம் முழுவதும் மறுபடியும் பச்சையாயிருந்தது. கேரட் இலை போல் நுணுக்கமாய்ப் பிளந்த இலைகள். உச்சியில் சிறு சிறு வெள்ளைப் பூக்கள். "இதோ இருக்கிறதே, வெண்மையாக!" என்று காட்டினேன்.

பாட்டியம்மாள் இரண்டடி பின்வாங்கினாள். "இதையா கண்ணு காப்புக் கட்டச் சொல்றே? மேலே பட்டாலே சொறி புடிக்குமே!"

அது பார்த்தீனியம். பாட்டியம்மாளின் எச்சரிக்கையை நான் முழுவதும் நம்பவில்லை. அந்த வாரம் மூன்று நான்கு முறை வெறுங்கையாலேயே பிடுங்கினேன். பலன், முழங்கை வரையில் சிவந்த தடிப்பு, இரவெல்லாம் அரிப்பு, காலையில் கண்ணிமை வீக்கம். வைத்தியர் கையைப் பார்த்த மாத்திரத்தில், "தோட்ட வேலை செய்தீர்களோ?" என்று கேட்டார்.

கையில் களிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு ஒரு வெட்கம் உண்டாயிற்று. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை வரிசையாய் அடுக்கியிருக்கிறார். அவர் வழிவந்த மொழியைப் பேசும் எனக்கு, என் சொந்தக் கொல்லையில் முளைத்தவற்றுள் ஒன்பது பெயர் சொல்லத் தெரியவில்லை! சுதேசியை வேரோடு பறித்துவிட்டு, விதேசிக்குப் பாத்தி கட்டிக் கொடுத்திருக்கிறேன்! ஆகவே ஒரு காரியம் செய்வதென்று தீர்மானித்தேன். சர்க்கார் ஜனங்களைக் கணக்கெடுப்பது போல் நானும் என் கொல்லையில் ஒரு குடிமதிப்பு எடுக்கத் தொடங்கினேன். நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள்: பெயர், பூர்விகம், தொழில், நடத்தை.

சாட்சிகளை விசாரித்தல்

செடியின் பெயரை அறிவதற்கு அதனுடைய இலையை மட்டும் பார்ப்பது, ஒரு மனிதரை அவருடைய சட்டையைக் கொண்டு அடையாளம் காண்பது போன்றது. ஒரே மாதிரிச் சட்டையைப் பல பேர் போட்டுக் கொள்ளலாம் அல்லவா? ஆகையால் ஐந்து சாட்சிகளையாவது விசாரிக்க வேண்டும்.

முதல் சாட்சி தண்டு. அதை விரலிடையே உருட்டிப் பார்த்தால் உருண்டையா, கோணமுள்ளதா என்று தெரியும். தும்பையின் தண்டு நான்கு பட்டையுள்ளது. குறுக்கே நறுக்கினால் கெட்டியா, உள்ளே குழலா என்று தெரியும். இரண்டாவது சாட்சி பால். கிள்ளினால் பால் வருகிறதா? வந்தால் வெள்ளையா, மஞ்சளா? மூன்றாவது, இலைகள் தண்டில் நிற்கும் முறை: எதிரெதிராக ஜோடி சேர்ந்து நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்று மாறி நிற்கின்றனவா? நான்காவது, பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது: கிளையின் நுனியிலா, இலைக் கக்கத்திலா? காம்போடா, காம்பில்லாமலா? ஐந்தாவது வேர், கிழங்கு உண்டா, மண்ணைத் தொட்ட கணுக்களிலெல்லாம் வேர் விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறாவது சாட்சியாக மணத்தைச் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் ருசியை ஒருபோதும் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது. பெயர் தெரியாத செடியைத் தின்று பார்த்துப் பெயர் கண்டுபிடித்தவர்கள், அந்தப் பெயரைப் பிறருக்குச் சொல்ல எப்பொழுதும் மிஞ்சியிருப்பதில்லை.

இந்த விசாரணைக்கு ஓர் உதாரணம் கீழாநெல்லி. அதைப் போலவே சிற்றிலைகளுடன் தரையோடு படரும் செடி இன்னும் உண்டு. சித்திரப்பாலாடை அவற்றில் ஒன்று. அவசரக்காரர் இதைப் பறித்து அதுவென்று எண்ணிவிடலாம். ஆனால் சாட்சிகளைக் கேட்டால் சந்தேகம் தீர்ந்து போகும். சித்திரப்பாலாடையைக் கிள்ளினால் பால் வரும். கீழாநெல்லியில் பால் இல்லை. கீழாநெல்லியின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கடுகளவு நெல்லிக்காய்கள் வரிசையாய்த் தொங்கும். பெயர் வைத்த நம் முன்னோர் சாட்சியைப் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்!

இக்காலத்தில் கைப்பேசியால் படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் வித்தையும் வந்திருக்கிறது. நல்ல வித்தைதான். ஆனால் அது சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லும் வகை. அது சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு சாட்சிகளை விசாரிக்கலாமே தவிர, சாட்சிகளைத் தள்ளிவிட்டு அதன் தீர்ப்பை ஏற்கக்கூடாது.

மண்ணின் மக்கள்

முதலில் பூர்விகக் குடிகளைப் பதிவு செய்தேன். நான் 'புல் பூண்டு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவர்களின் பரம்பரையைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படுவீர்கள்.

தும்பையை எடுத்துக் கொள்ளுங்கள். முழங்கால் உயரம், வெள்ளை வெளேரென்ற சின்னஞ்சிறு பூ. பழந்தமிழ் அரசர்கள் நேருக்கு நேர் நின்று போர் புரியும்போது சூடியது இந்தப் பூவைத்தான். போருக்கே 'தும்பைத் திணை' என்று பெயர் வந்தது. அப்பேர்ப்பட்ட வீரத்தின் சின்னத்தைக் கூலி கொடுத்துக் குப்பையில் எறிந்தவன் நான்.

அடுத்தது நல்வேளை. கைவிரல்களைப் போல் ஐந்து இலைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும், பூ வெண்மை. மஞ்சள் பூவும் பிசுபிசுப்பும் உடையது நாய்வேளை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. வறுமையுற்ற பாணர் வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பும் இல்லாமல் வேகவைக்கிறார்கள்; பிறர் கண்டால் நாணமென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். அன்று அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய கீரை, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களாகத் தமிழர் வீட்டுக் குப்பைமேட்டை விட்டுப் போகாமல் காத்திருக்கிறது. நாம்தான் அதை மறந்து போனோம்.

குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று ஒரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் அதில் புரண்டு மயங்குவதைப் பார்க்கலாம். மஞ்சள் பூவும் சக்கரம் போன்ற காயும் உடைய துத்தி, வேட்டியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் நாயுருவி, முள்ளோடு படரும் தூதுவளை, வேலியில் ஏறும் வேலிப்பருத்தி, தரையோடு தரையாய்க் கிடக்கும் மூக்கிரட்டை, பாட்டியம்மாள் தேடி வந்த சிறுபீளை, தர்மராஜாவைப் போல் பொறுமையே உருவான அருகம்புல்: இவர்கள் எல்லாரும் இம்மண்ணின் மக்கள்.

இவர்களுடைய தொழில் மனிதருக்கு மருந்தும் கீரையுமாவது மட்டும் அல்ல. எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைக் கோடுகள் உள்ள புழு ஒன்றைக் கண்டால் உடனே மருந்து தெளிக்க ஓடாதீர்கள். கருவரையிட்ட செம்மஞ்சள் சிறகுடன் பறக்கும் 'வெந்தய வரியன்' என்ற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. எருக்கும் வேலிப்பருத்தியும் அதற்குத் தொட்டில். ஆவாரையும் தகரையும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தொட்டில். ஒவ்வொரு பூச்சியும் தன் பிள்ளைக்கு இன்ன இலைதான் ஆகாரம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகி வைத்திருக்கிறது. வேலியோரத்தில் நான் அழகுக்காக விட்டு வைத்த உண்ணிச்செடியிலும் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன, வாஸ்தவந்தான். ஆனால் அவற்றுக்கு அங்கே குடிக்கத் தேன் கிடைக்கும். பிள்ளை வளர்க்க இலை கிடைக்காது. அது ஹோட்டல், வீடு அல்ல.

வந்தவரெல்லாம் பகைவரா?

இவ்வளவு தூரம் எழுதிய பிறகு எனக்குச் சுதேசி ஆவேசம் தலைக்கேறியது. "அந்நியச் செடி எதுவும் இனி என் கொல்லையில் இருக்கக்கூடாது!" என்று வீட்டில் முழங்கினேன். என் மனைவி அமைதியாகக் கேட்டாள்: "அப்படியானால் நாளை முதல் சமையலுக்கு மிளகாய் வேண்டாமா?"

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அங்கிருந்து வந்தவைதாம். நம் சமையலறையே அமெரிக்கருக்குக் கடன்பட்டிருக்கிறது.

மருந்துப் பெட்டியின் கதையும் இதுவே. மஞ்சட்காமாலை என்றவுடன் நமக்கு ஞாபகம் வரும் கீழாநெல்லியே பூர்விகத்தில் அமெரிக்கச் செடி என்பது இக்காலத் தாவர நூலாரின் முடிவு. அம்மான் பச்சரிசியும் முள்ளுக்கீரையும் அவ்விதமே. சிறுவர்கள் பூவின் தலையைச் சுண்டி விளையாடும் 'தாத்தாப் பூ', அதாவது காயத்துக்குச் சாறு பிழிந்து விடும் வெட்டுக்காயப் பூண்டு, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரப்புகளில் குடியேறியது. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் புத்திரி. புற்றுநோய்க்கான இரண்டு சிறந்த மருந்துகளை உலகத்துக்குத் தந்தவள். இவர்கள் வந்தார்கள், ஒதுங்கி இடம் பிடித்தார்கள், மற்றவர்களையும் வாழவிட்டார்கள். பிரஜா உரிமை கொடுப்பதில் ஆட்சேபம் என்ன?

இதற்கு நேர்மாறான வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கோரை நம் நாட்டுக்குப் பூர்விகமானதுதான். அதன் கிழங்கு வாசனைப் பொடியில் சேருவது. எனினும் உலகத்தின் கொடிய களைகளைப் பற்றி 1977-ல் நிபுணர்கள் வெளியிட்ட பெரிய நூலில் முதல் ஸ்தானம் கோரைக்குத்தான் கிடைத்தது! நம் வேலியில் சாதுவாய்ப் படர்ந்து, பொரியலுக்குக் காய் தரும் கோவைக்கொடியோ, கடல் தாண்டி ஹவாய்த் தீவுகளுக்கும் குவாம் தீவுக்கும் போய், அங்குள்ள மரங்களையெல்லாம் போர்வை போட்டு மூடி மூச்சுத் திணற அடிக்கிறது. இங்கே அதைத் தின்னும் பூச்சிகளும் அதைத் தாக்கும் நோய்களும் உண்டு, அங்கே கேட்பாரில்லை. சொந்த ஊரில் அடக்கமாயிருப்பவன், உறவினர் கண்ணில்லாத வெளியூரில் ஆட்டம் போடுவதில்லையா? அது மாதிரிதான்.

ஆகவே பிறந்த ஊரை வைத்து மட்டும் குற்றவாளியைத் தீர்மானிக்க முடியாது. பூர்விகம் என்ற கட்டத்தைப் போலவே நடத்தை என்ற கட்டமும் முக்கியம். தன் பக்கத்தில் இன்னொன்றை வாழவிடுகிறதா? இதுதான் கேள்வி.

கம்பெனியார் திறந்த கதவு

வாழவிடாத அந்நியர்களின் கதை, நம் தேசத்தின் கதையைப் போலவே வியாபாரத்தில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் செஞ்சாயத்தின் மேல் மோகம் பிறந்தது. அந்தச் சாயம் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து கிடைப்பது. சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் அந்தப் பூச்சிக்காகவே ஒரு கள்ளித் தோட்டம் வைத்தார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேஸில் தேசத்திலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் ஜாதி அல்ல. மட்டமான காட்டு ஜாதி. வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அமெரிக்கக் கள்ளிகள் எழுந்து நின்றன. சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் விழுங்கிற்று. 1926-ல் இலங்கையிலிருந்து அதற்கென்றே உரிய மற்றொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து சென்னை ராஜதானியில் விட்ட பிறகுதான் அதன் கொட்டம் அடங்கியது.

உண்ணிச்செடி வந்தது அழகுக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் நட்டது, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மான் மேயும் புல்லையெல்லாம் அமுக்கி வளர்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்கள் இப்பொழுது அதன் கழிகளை வெட்டி ஆளுயர யானைப் பொம்மைகள் செய்கிறார்கள். பகைவனைப் பிழைப்பாக்கிக் கொண்ட சாமர்த்தியம் இது!

சீமைக்கருவேலம் வந்தது விறகுக்காக. ஜமைக்கா தீவிலிருந்து விதை வருவித்து, 1877-ல் சென்னை ராஜதானியைச் சேர்ந்த கடப்பைச் சீமையில் விதைத்தார்கள். ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றைத் தின்று விதையை ஊரெங்கும் தூவின. இராமநாதபுரம் ஜில்லாவின் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

என் கையைப் பதம் பார்த்த பார்த்தீனியத்தை 1955-ல் பூனாவில் கண்டு அறிவித்தார்கள். பஞ்ச காலத்தில் அமெரிக்கா அனுப்பிய கோதுமையோடு வந்தது என்பது ஜனங்கள் சொல்லும் கதை. அதற்கு வெகு காலம் முன்பே அது நம் நாட்டில் இருந்ததற்குத் தாவர நூலாரிடம் சாட்சியம் உண்டு. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரையில் உதிர்க்கும். முளைத்த ஒரு மாதத்தில் பூத்துவிடும். பக்கத்துச் செடிகளை வளரவிடாத சரக்கைத் தன் இலையிலும் வேரிலும் வைத்திருக்கிறது. அதே இலையின் சரக்குத்தான் மனிதருடைய தோலையும் வாட்டுகிறது. அதன் மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பையும் கொண்டுவருகிறது. வடநாட்டிலும் கன்னட நாட்டிலும் இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்று பெயர். உச்சியில் உள்ள பூ வெள்ளைக் குல்லாயை ஞாபகப்படுத்துவதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். தேசபக்தர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம்; பெயர் வைத்தவன் நான் அல்ல! 1984-ல் பெங்களூரில் இதைத் தின்பதற்காக மெக்ஸிகோ நாட்டு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மழைக்காலத்தில் நன்றாகத் தின்கிறது. ஆனால் செடி அதைவிட நன்றாக முளைக்கிறது.

ஆள்மாறாட்டம்

குடிமதிப்பில் மிகவும் சிரமமான பகுதி, நம்மவர் வேஷத்தில் வந்து நிற்கும் அந்நியரைக் கண்டுபிடிப்பதாகும். மூன்று ஜோடிகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஜோடி பொன்னாங்கண்ணி. நம் நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெண்ணிறப் பூஞ்செண்டுகள் காம்பே இல்லாமல் இலைக் கக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலைகளை மூடும் மற்றொரு பொன்னாங்கண்ணி உண்டு. அதன் பூஞ்செண்டு நீண்ட காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்த தண்டு உள்ளே குழலாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனியாததால் ஆஸ்திரேலியாவில் பெரிய அமளியே நடந்தது. அங்கே குடியேறிய இலங்கை மக்கள், ஊர் ஞாபகத்தில் பொன்னாங்கண்ணி என்று எண்ணி இந்தச் செடியைக் கொல்லையில் வளர்த்து ஆசையாய்ச் சமைத்து வந்தார்கள். 1990-களில் அதிகாரிகள் இதைக் கண்டுபிடித்து, நூற்றுக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில் தேடிப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த அதிகாரிகளிடம் ஒரு நல்ல குணம்: வெறுமே பிடுங்கிவிட்டுப் போகவில்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த, அவர்கள் நாட்டுச் செடி ஒன்றைக் கீரைக்காக மாற்றாகக் கொடுத்தார்கள்.

இரண்டாவது ஜோடி மஞ்சள் கரிசாலை. நாட்டுக் கரிசாலையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தொட்டால் சொரசொரப்பு. அழகுக்காக நாற்றுப் பண்ணைகளில் விற்கும் அமெரிக்கச் செடி ஒன்று, அதே போன்ற மஞ்சள் பூவுடன் தரையில் பாய் விரித்தாற்போல் படர்கிறது. அதன் இலை தடித்துப் பளபளப்பாயிருக்கும். பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உலகத்தின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. கரிசாலை என்று எண்ணி இதை மருந்துக்குப் பறிப்பவர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

மூன்றாவது ஜோடி கருவேலமும் சீமைக்கருவேலமும். கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து. காய், மணி கோத்த மாலை போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமையானின் பூ விரல் நீளத் திரி. காய் இடுக்கில்லாமல் நீண்டிருக்கும். வேலியோரத்தில் கன்றாயிருக்கும்போதே பார்த்து எடுத்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை. ஐந்து வருஷம் கழித்தால் கோடாரியாலும் முடியாத வேலை.

'சீமை' என்ற அடைமொழி இருந்தால் அந்நியன் என்று தெரிந்துகொள்ளலாம். இது நம் மொழி செய்திருக்கும் உபகாரம். ஆனால் பெயரை முழுவதும் நம்பிவிடக்கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்கு நெய்வேலியில் பிறந்ததல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. பிரம்மதண்டு என்ற பெயரைக் கேட்டால் வேத காலத்துச் செடி போலத் தோன்றும்; அதன் தாயகம் மெக்ஸிகோ. முள்ளிலை, நரம்போரத்தில் வெள்ளைக் கோடு, மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால்: இவை அதன் அடையாளம். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும், எண்ணெயோ விஷம். 1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் இது கலந்ததால் கால் வீங்கி, இருதயம் பலவீனமாகி அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செடிகளை அடையாளம் காண்பது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாடு கடத்தும் முறை

இனித் தண்டனை விஷயம். பார்த்தீனியத்தை மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூப்பதற்கு முன்பே, வேரோடு எடுக்க வேண்டும். கையுறை, நீளச் சட்டை, மூக்கில் துணி மூன்றும் அவசியம். ஆஸ்துமாவோ தோல் ஒவ்வாமையோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. பூத்துவிட்ட செடியை எருக்குழியில் போட்டால், அடுத்த வருஷத்துக்கு நாமே விதைத்தவர்களாவோம்.

மேலே சொன்ன போலிப் பொன்னாங்கண்ணியையும் போலிக் கரிசாலையையும் கொத்தக்கூடாது. துண்டு துண்டாக வெட்டக்கூடாது. ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. சுருட்டி எடுத்து, கணு ஒன்றும் விடாமல் பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். வாய்க்காலில் எறிவது ஊருக்குச் செய்யும் துரோகம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நான் செய்த தவற்றைச் செய்யாமலிருப்பது. மண்ணை வெறுமையாக விடக்கூடாது. வெற்று நிலம் என்பது திறந்து கிடக்கும் கோட்டை. யார் முதலில் வருகிறானோ அவனுக்கே ராஜ்யம். வேகமாக வருகிறவன் எப்பொழுதும் அந்நியன்தான். தும்பையும் சிறுபீளையும் மூக்கிரட்டையும் நின்றிருந்த வரையில் என் கொல்லையில் பார்த்தீனியம் தலைகாட்டவில்லை. அவர்களை நான் அப்புறப்படுத்திய ஆறு வாரங்களில் அது முடிசூட்டிக் கொண்டது. ஆதலால் அந்நியனை எடுத்த இடத்தில் உடனே நம் செடி ஒன்றை ஊன்றிவிட வேண்டும்.

மறுபடியும் அதே கேள்வி

இந்த ஆண்டு கார்த்திகை வந்தது. அதே தொழிலாளி, அதே களைக்கொத்துடன் வந்து நின்றார். "எது செடி, எது களை?" என்று அவர் கேட்பதற்கு முன்பே நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கொண்டேன். "இது தும்பை, இருக்கட்டும். அது துத்தி, இருக்கட்டும். அதோ அந்த உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிடுங்கள்" என்று ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டு போனேன். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

சுவரோரத்தில் ஒரு செடியின் அருகில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கங்களைப் புரட்டினேன்.

"அது பூளைங்க. இன்னும் பூ எடுக்கலே" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"சின்ன வயசிலேயிருந்து தெரியுங்க. ஆட்டுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பார்த்துப் பார்த்துப் பழக்கமுங்க."

"பின்னே, போன வருஷம் எது செடி, எது களை என்று என்னிடம் கேட்டீர்களே?"

"உங்களுக்கு எது வேணும், எது வேண்டாம்னுதானே கேட்டேன்? நீங்க என்னைக் கேக்கலீங்களே!"

நான் நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக் கொண்டேன். பிறகு களைக்கொத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வாருங்கள், முதலிலிருந்து ஆரம்பிப்போம். இந்த முறை நீங்கள் பெயரைச் சொல்லுங்கள், நான் எழுதிக் கொள்கிறேன்" என்றேன்.